தகடன்று, முக்காலி

(சலகண்டாபுரத்தில் நெசவாளரும் ஆசிரியரும் மாணவரும் கூடிய அவையில் நிகழ்த்திய பொழிவு)



இலக்கணம் கற்பிப்பவன் உப்புகளைப் பற்றிப் பேசப் போகின்றான் என்று தலைவர் அறிவித்தவுடன் உங்களுள் சிலர் நகைத்ததைக் கண்டேன். நகைப்பு முறையானதே. ஆயின் நான் வந்தது புலமை காட்டுதற்கன்று, ஒரு பிழையைத் திருத்துதற்கு. அப்பிழை என்னுடையது, அச்சும் ஏறிவிட்டது. அவையில் ஒப்புக்கொள்ளுதலும் அச்சில் திருத்துதலும் ஆகிய இரண்டும் என் கடன்.

சில்லாண்டுகட்கு முன் வேதியியற் கலைச்சொற்கள் சிலவற்றைத் தமிழில் ஆக்கிப் பட்டியலாக வெளியிட்டேன். அதில், ஒரு தனிமத்தின் அணு ஒன்று உயிர்வளி அணு மூன்றனோடு கூடி நிற்கும் உப்பினம் எதுவாயினும் அதற்குத் ‘தகட்டுப்பு’ எனப் பெயரிட்டிருந்தேன். உயிர்வளி என்றது ஆக்சிசனை. கரியும் உயிர்வளியும் கூடிய கார்பனேட்டு தட்டையான தகடு போன்றது என்பதை ஒரு நூலிற் படித்திருந்தேன். தெல்லூரியம் என்னும் அரிய தனிமத்தின் உப்பாகிய தெல்லூரைட்டும் எழுதிப் பார்க்கையில் அதே தோற்றங் காட்டிற்று: ஒன்றுக்கு மூன்று. எழுத்து ஒன்றாயின் வடிவும் ஒன்றே எனத் துணிந்துவிட்டேன். ‘ஆறு’ என எழுதினால் அஃது எண்ணா, நீரொழுக்கா, வழியா என்பதை இடம் நோக்கித் தெளிக என்று மாணாக்கர்க்கு ஆண்டுதோறும் சொல்லிக் கொடுக்கும் நான்தான் இவ்வாறு வழுக்கி விழுந்தேன்.

என்னைத் தூக்கி நிறுத்தியவர் இவ்வூர்த் தறிக்காரர் ஒருவரின் மகள். என் பழைய மாணவியாகிய அவர் வேதியியலில் மேற்பட்டம் பெற்று, மாழைத் தெல்லூரைட்டுகளின் பளிங்குக் கட்டமைப்பை ஆய்ந்து வருகின்றார். மாழை என்றது உலோகத்தை. பொங்கல் விடுமுறைக்கு வந்தவர் என் பட்டியலைக் கையோடு கொணர்ந்தார். ஒரு சொல்லைச் சுற்றிக் கரிக்கோலால் வட்டமிட்டிருந்தது. “ஐயா, இது தகடில்லை” என்றார். பிறகு தம் மனக்குறையையும் சொன்னார். “அஞ்சு வருசமா என்ன பண்றே கண்ணு?” என்று தந்தையார் கேட்கின்றாராம். விடை ஆங்கிலத்தில் ஒழுகி வருகின்றது, தமிழில் ஒரு சொற்றொடர் எழவில்லை என்று கண் கலங்கினார். என் பிழையும் அவர் குறையும் ஒரே நோயின் இருமுகம் எனக் கண்டேன். நான் பொருளறியாது சொல் ஆக்கினேன். அவர் பொருளறிந்தும் சொல்லின்றி நின்றார். அன்று மாலை அவர் வீட்டுத் தறிக்கொட்டகையில் மூவரும் அமர்ந்து பேசியதே இன்றைய பொழிவின் பொருள்.

முதலில் பளிங்கு. இற்றை நூல்கள் ‘படிகம்’ என எழுதும். அது வடசொல்வழி வந்தது. பளிங்கு நமக்குப் பழஞ்சொல். உவவனத்துப் பளிக்கறையுள் மணிமேகலை புகுந்துகொண்டதும், உதயகுமரன் அவள் வடிவைப் புறத்தே நின்று கண்டதும் நீங்கள் அறிந்த கதை. உள்ளிருப்பதைப் புறத்தே காட்டும் கல் என்பதே அன்றைய இலக்கணம். அறிவியல் அவ்விலக்கணத்தை மாற்றிவிட்டது. ஒளி ஊடுருவுகின்றதா என்று அது கேளாது. அணுக்கள் ஒழுங்குற நிற்கின்றனவா என்றே கேட்கும். கண்ணாடியினுள் ஒளி புகும். ஆயினும் அதன் அணுக்கள் நீண்ட ஒழுங்கின்றிக் கிடத்தலின் அது பளிங்கன்று. நம் சேலத்து வெள்ளைக்கல் சுண்ணாம்புக் கட்டிபோல் மங்கிக் கிடக்கும், அதுவோ பளிங்கு! சலவைக்கல்லையும் இக்காலத்தார் பளிங்கு என்பதால் குழப்பம் நேரும் என அஞ்சிச் சிலர் படிகத்தை விடாது பிடித்திருக்கின்றனர். அவ்வச்சத்தை நான் இகழேன். ஆயினும் என் வாயில் பளிங்கே வரும்.

அணுக்களின் ஒழுங்கு என்றால் என்ன? இதை உங்கட்கு விளக்க நான் யார்? கரைப் பூவேலைக்குச் சக்கார்டுப் பெட்டியில் அட்டை கோத்துத் தொங்கவிடுகின்றவர்கள் நீங்கள். அட்டைக் கட்டு ஒரு சுற்று வந்தால் ஒரு பூ முடியும். மறுசுற்றில் அதே பூ. சீலை முழுமைக்கும் தனித்தனி அட்டை வெட்டுவார் இலர். பளிங்கும் இத்தகையதே. ஒரு சிறு கட்டத்துள் எவ்வணு எவ்விடத்து நிற்கின்றது என்று தெரிந்தால் போதும். அக்கட்டமே இடவலமும் முன்பின்னும் மேல்கீழும் திரும்பத் திரும்ப வரும். சீலைக்கு நீளம், அகலம் என இருவழி, பளிங்குக்கு மூவழி. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள கறியுப்புக் குறுணியின் ஒரு விளிம்பில் மட்டும் அத்தகைய கட்டம் ஏறத்தாழ 18 இலட்சம் வரிசையுற நிற்கும். அந்த ஒற்றைக் கட்டத்தின் அட்டைக் கணக்கைக் கண்டறிதலே நம் மாணவியின் தொழில். இதைச் சொன்னபோதே அவர் தந்தையார் முகம் தெளிந்தது.

“கண்ணுக்குத் தெரியாத பூவுக்கு அட்டை எப்படி வெட்டுவீங்க?” என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. இரவில், தொலைவில் எரியும் தெருவிளக்கை, நெருங்க நெய்த மெல்லிய துணியொன்றைக் கண்முன் விரித்துப் பிடித்து நோக்குங்கள். விளக்கைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக ஒளிப்புள்ளிகள் வரிசைகட்டி நிற்கும். நூல் நெருங்க நெருங்கப் புள்ளிகள் விலகும். துணியைத் தொடாமலே, புள்ளிகளின் இடைவெளியை அளந்து, நெசவின் நெருக்கத்தைக் கணக்கிட்டுவிடலாம். பளிங்கின் நெசவு மிக நுண்ணியது ஆகலின் அதற்கு எளிய ஒளி உதவாது. ஊடுகதிர், அதாவது எக்சு கதிர் வேண்டும். 1912இல் மியூனிக்கு நகரில் மாக்சு வான் லவே என்னும் அறிஞர் இக்கருத்தை எடுத்துரைக்க, பிரீட்ரிக்கு, நிப்பிங்கு என்னும் இருவர் செய்து காட்டினர். பளிங்கின் வழியே சென்ற கதிர் ஒளிப்படத் தகட்டில் புள்ளிகளாய் விழுந்தது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் பிராகு என்னும் தந்தையும் மகனும் அப்புள்ளிகளிலிருந்து உப்பின் கட்டத்தைக் கணித்தனர். 1915இல் இருவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தபோது மகனுக்கு அகவை 25.

இக்கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோ. நா. இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் கூடி, தோலிலும் தசைநாணிலும் உள்ள கொல்லாசன் என்னும் புரதம் மூவிழை முறுக்கு என 1954இல் வெளியிட்டார். அவர்கள் ஊடுகதிர் செலுத்திய பொருள்களுள் கங்காருவின் வால்நாணும் ஒன்று. மூவிழை முறுக்கு என்றதும் தறிக்காரர் சிரித்துவிட்டார். நூல் முறுக்குவோர்க்கு அதில் வியப்பென்ன!

இனித் தெல்லூரியத்துக்கு வருவோம். 1782இல் திரான்சில்வேனியா மலைநாட்டுப் பொற்கனிமம் ஒன்றை ஆய்ந்த மியூல்லர் என்பார் அதனுள் அறியப்படாத தனிமம் இருத்தலைக் கண்டார். 1798இல் கிளாப்ராத்து என்னும் செருமானிய அறிஞர், நிலவுலகைக் குறிக்கும் ‘தெல்லூசு’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயரமைத்தார். உலகின் பெயரைத் தாங்கிய இது உலகில் பெரிதும் அரிது. நிலத்தோட்டில் பிளாட்டினம் போன்றே அரிதாகக் கிடக்கின்றது. செம்பைத் தூய்மை செய்யுங்கால் அடியில் தங்கும் மண்டியிலிருந்தே பெரும்பாலும் இதனை எடுக்கின்றனர். இது சிறிதளவு உடலிற் புகுந்தாலும் மூச்சில் பூண்டு நாறும். மாணவியின் தாயார் இதைக் கேட்டு மகளை ஒரு பார்வை பார்த்தார்; அது வேறு கதை.

பெயரின் பொருள் நிலம் ஆதலின் தமிழில் ‘நிலவம்’ எனலாம் என்று ஒருகால் எண்ணினேன். இதன் உறவுத் தனிமம் ஒன்றை 1817இல் பெர்சீலியசு கண்டு, நிலாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் செலினியம் எனப் பெயரிட்டிருக்கின்றார்! நிலவம் என்றால் கேட்பவர் நிலவை எண்ணுவர். நிலவோ பக்கத்து வீட்டுக்காரன் பெயர். மொழிபெயர்க்கப் போய் ஆள்மாறாட்டம் செய்தவனாவேன். அதனால் தெல்லூரியம் என்பதை நம் எழுத்துடை உடுத்தி அப்படியே வைத்துக்கொண்டேன். இதனை ஏற்காத அன்பர் இவ்வவையில் உளர் என்பதை அறிவேன். அவர்கள் இதனினும் நல்ல சொல் தருவாராயின் வணங்கி ஏற்பேன். வேரை நோக்கிச் சொல்லமைத்த பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்த நிலம் இது. அதற்கும் முன்பு, 1916இல், இதே சேலத்தில் இராசாசி அறிவியற் கலைச்சொற்கென ஒரு சங்கம் கண்டார். ‘தமிழ் சாத்திர பரிபாசைச் சங்கம்’ என்பது அதன் பெயர். அப்பெயரில் முதற்சொல் ஒன்றே தமிழ் என நாம் நகைப்பதுண்டு, நானும் நகைத்திருக்கின்றேன். ஆயின் பெயர் தமிழாகவும் பொருள் பிழையாகவும் ஒரு சொல்லைத் தந்துவிட்ட பின் அந்நகைப்பு என் தொண்டையில் நிற்கின்றது.

பொருளைப் பாருங்கள். நமக்கு அண்மையிலுள்ள கல்லிலிருந்தே தொடங்குவோம். சேலத்தை அடுத்து, அக்கல்லின் பெயரையே தாங்கிய மேக்னசைட்டுச் சந்திப்பு என்னும் தொடர்வண்டி நிலையம் உண்டு. அங்குப் பாறையினூடே வெள்ளை நாளங்களாக ஓடும் வெள்ளைக்கல், வெளிமம் ஆகிய மக்னீசியத்தின் கார்பனேட்டு. சுட்டால் கரிவளி நீங்கி எஞ்சுவது 2,800 பாகை வரை உருகாது. ஆதலின் எஃகுலைகளின் உட்சுவர்ச் செங்கல்லுக்கு அது வேண்டும். அதன் பளிங்குகள் கண்ணுக்குப் புலனாகா நுண்மையன. கார்பனேட்டில் கரியணு நடுவே நிற்க, மூன்று உயிர்வளியும் சுற்றி நிற்கும். நான்கும் ஒரே தளத்தன. ஈருயிர்வளிக்கு இடைப்பட்ட கோணம் 120 பாகை. தகடேதான். அத்தகடுகள் அடுக்கடுக்காய்க் கிடக்க, அடுக்குகட்கு இடையே வெளிம அணுக்கள் நிற்கும். ஓரடுக்கின் தகட்டுமுனைகள் ஒருபுறம் நோக்கினால் அடுத்த அடுக்கின் முனைகள் எதிர்ப்புறம் நோக்கும். ஆதலின் அப்பளிங்குக்கு மேல் இது, கீழ் இது என்னும் வேற்றுமை இல்லை.

தெல்லூரைட்டில் நிகழ்வதென்ன? தெல்லூரியம் பருத்த அணு. அதன் புறக்கூட்டில் எதிர்மின்னிகள், அதாவது எலக்ட்ரான்கள், ஆறு உள. தெல்லூரைட்டில் அது நான்கை உறவுக்கு விட்டு இரண்டைத் தன்னிடமே வைத்துக்கொள்கின்றது. அவ்விரண்டும் வேறெவ்வணுவோடும் கைகோப்பதில்லை. கைகோவாதது ஒதுங்கிக் கிடக்கும் என்றே நான் எண்ணியிருந்தேன். அப்படியன்று. அவ்விரட்டை ஒருபுறம் முழுவதையும் தனக்கெனப் பிடித்துக்கொள்ளுதலின், மூன்று உயிர்வளியும் மறுபுறம் தள்ளப்படுகின்றன. கோணம் 120 பாகையினின்று 100 பாகையின் அருகே சுருங்குகின்றது. கரிக்கும் உயிர்வளிக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 1.3 ஆங்சுட்ராம், இங்கு ஏறத்தாழ 1.9. ஒரு சென்டிமீட்டரைப் பத்துக்கோடிக் கூறாக்கினால் வரும் ஒரு கூறே ஓர் ஆங்சுட்ராம்.

சொல்லிக்கொண்டே வந்த மாணவி, தறிக்கொட்டகை மூலையில் கிடந்த முக்காலியை இழுத்து நடுவில் வைத்தார். “மேல்பலகை தெல்லூரியம், ஐயா. மூணு காலோட அடியும் மூணு உயிர்வளி. பலகைமேல உட்கார்ந்திருக்கிறதுதான் அந்த இரட்டை” என்றார். பத்து நூல் படித்தாலும் விளங்காதது எனக்கு அந்நொடியில் விளங்கிற்று. அச்சொல் அகரமுதலியிலிருந்து வந்ததன்று, மூலையில் கிடந்தது.

உடனே என் நெஞ்சம் வெள்ளைக்கல் மலைக்கு ஓடியது. நம் வெளிமத்துக்கும் தெல்லூரைட்டு உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். நீர் ஆறு கூடிய வெளிமத் தெல்லூரைட்டின் கட்டத்தை ஐரோப்பிய ஆய்வாளர் 1980களில் தீர்த்துவிட்டனராம். அதில் வெளிம அணுவைச் சுற்றி முன்பின், இடவலம், மேல்கீழ் என ஆறு நீர் நிற்கும். முக்காலி வெளிமத்தை நேரே தொடுவதில்லை. அந்நீரின் நீர்வளி, அதாவது ஐதரசன், முக்காலியின் கால்களைப் பற்றிக்கொள்ளும். மன்னனைக் காண வந்தவன் மெய்காவலரோடு கைகுலுக்கி நிற்பது போல. அதனினும் வியப்பு, அப்பளிங்கில் முக்காலிகள் யாவும் ஒரே முகமாய் நிற்றல். ஒன்று வானோக்கினால் அத்தனையும் வானோக்கும். வெள்ளைக்கல்லுக்கு இல்லாத மேல்கீழ் இதற்கு வந்துவிட்டது. மாழை ஒன்றே, உடன் நிற்பது தகடா முக்காலியா என்பதே பளிங்கின் இயல்பை மாற்றுகின்றது.

எல்லாத் தெல்லூரைட்டும் இவ்வாறன்று என்பதை மாணவி இருமுறை வற்புறுத்தினார். பலவற்றில் முக்காலிகள் எதிரெதிராய்த் திரும்பி நின்று ஒன்றன் சாய்வை மற்றொன்று போக்கிவிடும். சிலவற்றில் இரட்டைகள் யாவும் ஓரிடை வெளியை நோக்கி நிற்க, வெறுமைபோல் தோன்றும் சந்துகள் பளிங்கினூடே ஓடும். வேறு சிலவற்றில் மூன்றுக்கு நான்காய் உயிர்வளி கூடி, ஒருபுறம் சாய்ந்த நாற்காலி போலாகும். நீர்வளியின் இடத்தை ஊடுகதிரால் காண்பதோ பெரும்பாடு. கதிரைச் சிதறச் செய்வது எதிர்மின்னி. தெல்லூரிய அணுவில் அவை 52, நீர்வளியில் ஒன்றே. மேளம் கொட்டுமிடத்தில் கொசுவின் பாட்டைக் கேட்பது போன்றது அது.

இதனால் பயன் யாது என்று முன்வரிசை இளைஞர் ஒருவர் முணுமுணுத்தது கேட்கின்றது. மேல்கீழ் உடைய பளிங்குகளுள் சில, கண்காணா அகச்சிவப்புக் கதிரை வாங்கிப் பச்சை ஒளியாகத் திருப்பித் தரும். அத்தகைய பளிங்கைத் தேடுவோர்க்கு முக்காலி பெருந்துணை. தெல்லூரைட்டின் உறவாகிய தெல்லூரிய ஈருயிர்வளியத்தையும் கேளுங்கள். இத்தாலி நாட்டில் கிரான் சாசோ மலையின் அடியில், ஐந்து சென்டிமீட்டர்ப் பக்கமுள்ள அதன் பளிங்குக் கட்டிகள் 988ஐ அடுக்கி, கடுங்குளிரில் வைத்து, தெல்லூரிய அணுக்கருவில் மிகமிக அரிதாக நிகழக்கூடும் ஒரு சிதைவை எதிர்நோக்கியிருக்கின்றனர். புறக்கதிர் புகாதபடி அவற்றைச் சூழ இட்ட ஈயத்துள் ஒரு பகுதி, சார்தீனியாத் தீவின் அருகே மூழ்கிக் கிடந்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைமையுள்ள உரோமக் கப்பலினின்று எடுத்தது. பழைய ஈயத்தில் கதிர்வீச்சு அடங்கியிருக்கும் என்பதால் அதனைத் தேடினர்.

தறிக்கொட்டகைக்குத் திரும்புவோம். தந்தையார் நெடுநேரம் வாய்திறவாதிருந்தார். பின் எழுந்து இரண்டு சீலைகளைக் கொணர்ந்து மடியில் விரித்தார். ஒன்றன் உடலில் எட்டிதழ்ப் பூ. மற்றொன்றன் உடலில் நிமிர்ந்த மயில். “இந்தப் பூச்சீலையைத் தலைகீழாப் புடிச்சாலும் ஒண்ணுதான். மயிலைத் தலைகீழாப் புடிச்சா மயில் தலைகீழாத் தொங்கும். வெள்ளைக்கல்லு பூச்சீலை, நீ சொல்றது மயில்சீலை. அப்படித்தானே கண்ணு?” என்றார். மகள் விடை சொல்லவில்லை. தந்தையின் கையைப் பற்றிக்கொண்டார். சற்றுப் பொறுத்து அவர் மீண்டும் கேட்டார்: “அந்த முக்காலிமேல உட்கார்ந்திருக்கிறவங்க உங்க படத்துல தெரிவாங்களா?” தனிப் புள்ளியாய்த் தெரிவதில்லை என்றும், கால்கள் ஒதுங்கிய வகையையும் எவ்வணுவும் வந்து நில்லாத இடத்தையும் கொண்டே முதலில் உணர்கின்றோம் என்றும் மகள் விளக்கினார். அவ்விளக்கம் முழுவதும் தமிழிலேயே வந்தது. ஐந்து என்னும் எண்ணைக் கூட அவர் ஆங்கிலத்தில் சொல்லவில்லை.

ஆகலின் என் பட்டியலை வைத்திருக்கும் அன்பர்கள் கரிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டுப்பு என்னும் சொல் கார்பனேட்டுக்கு மட்டும் நிற்கட்டும். தெல்லூரைட்டுக்கு எதிரே உள்ளதை அடித்துவிட்டுத் தெல்லூரைட்டு என்றே எழுதுக. அதனுள் மூன்று உயிர்வளியோடு நிற்கும் வடிவுக்கு முக்காலி என்று எழுதுக. நான்கு நிற்குமிடத்து அச்சொல்லை வழங்கற்க. கைகோவா எதிர்மின்னிகட்குப் பாடநூல்கள் ‘தனித்த இரட்டை’ என்கின்றன. அது நல்ல சொல். நான் அதனை மாற்ற முயன்று இட்ட ‘ஒதுங்கிணை’ என்பதையும் அடித்துவிடுக. அவை ஒதுங்கவில்லை.